திடலுக்கு மொட்டை

ராதாகிருஷ்ணன் தூங்கும்போது அந்த வரிசை வீடுகளே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். பக்கத்து வீட்டு டோரிஸ் ஆன்டி மிக்ஸியைத் திருகுவதற்கு முன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உஷா, உன் ஆளு படுத்தாச்சா? தேங்கா அரைக்கணும்லா" என்று கேட்பார். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கிறவன் இந்த வீட்டைத் தாண்டும்வரை ஹாரனைத் தொடமாட்டான். பழைய பேப்பர் வாங்க ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிற லோரிக்காரன்தான் யார் சொல்லியும் கேட்காதவன். அவனை உஷாராணி தெருமுனைக்கே போய் மறித்து, கையிலிருக்கும் பேப்பர் கட்டைக் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். பொதுவாக அவள் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். ஆனால் புருஷன் தூக்கம் என்று வந்துவிட்டால் லோரியின் குறுக்கேயும் நிற்பாள்.

காரணம் உண்டு. ராதாகிருஷ்ணன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். பொழுது சாயும்போது கிளம்பினால் விடிந்த பிறகுதான் வருவார். கண்டெய்னரை இறக்கிவிட்டு லோரித் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து திடலோரம் நிறுத்துவார். குளியல், ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு, பிறகு பின்னறையில் தரையில் விரித்த மெத்தை. கட்டில் சூடு என்பார். ஏர்கோன் போட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பார். இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டினார். ஒரு மாதம் பூராவும் பகலெல்லாம் சுத்தியல் சத்தம். ராதாகிருஷ்ணன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்தார். ஒருநாள் காலையில் லோரியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறலோடு வந்தார்.

"ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தேன் உஷா. அவ்வளவுதான். அதுக்குள்ள டிவைடர்."

அன்றிலிருந்து அவர் தூக்கத்துக்கு அவள்தான் காவல்.

அந்தக் காவலில் அவளுக்குத் துணை பின்பக்கத்துத் திடல். பண்டமாரானுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தாமான் குடியிருப்பு ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது. வீடு கட்டிய கம்பெனி, தாழ்ந்த பக்கத்தில் இந்த ஒரு துண்டை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டது. ஏன் விட்டது என்று யாரும் கேட்கவில்லை. சும்மா கிடைத்ததைக் கேள்வி கேட்பார்களா? ஆளுக்கொரு மூலையை எடுத்துக்கொண்டார்கள். டோரிஸ் ஆன்டிக்கு வாழை. வள்ளியம்மாவுக்கு முருங்கையும் கறிவேப்பிலையும். லிம் அங்கிளுக்குப் பப்பாளி. கடைசி வீட்டு மலாய்க்கார மக்சிக்குக்கு, செராய் என்கிற எலுமிச்சைப்புல் புதர். நடுவில் பிள்ளைகள் பந்து உதைக்கிற இடம் போக மீதியெல்லாம் இடுப்பளவு லாலாங் புல். ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. சாயங்காலமானால் அது இலையை மூடிக்கொள்ளும். "எனக்கும் அதுக்கும் ஷிப்டு மாறி" என்பார் ராதாகிருஷ்ணன். பகல் பூராவும் அந்தப் புல்லுக்கு மேலே ஓடி வருகிற காற்று பின்னறை ஜன்னல் வழியாக வந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருக்கும். அந்த வரிசையில் வேறு எந்த அறைக்கும் அப்படிப்பட்ட காற்று கிடையாது.

அந்தத் திடலில்தான் ஒரு திங்கட்கிழமை பலகை முளைத்தது. மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். பெயர் 'கிரீன் பிரீஸ் ரெசிடென்ஸ்'. பலகையில் அச்சடித்திருந்த மரங்கள் திடலில் நின்ற மரங்களைவிட அழகாக இருந்தன.

பலகைக்குப் பின்னாலேயே பிராண்டன் வந்தான். கம்பெனியின் ஆள். தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த பையன். இஸ்திரி போட்ட சட்டை, காலில் பளபளக்கிற சப்பாத்து, எல்லாரையும் சொந்த அத்தைபோல் பார்க்கிற முகம். அவனைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. டோரிஸ் ஆன்டி அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பித்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க ஆன்டி. பைலிங், தூணை மண்ணுல அடிச்சு இறக்கற வேலை, பகல்லதான். நைட்ல ஒரு சத்தமும் இருக்காது. நீங்க நல்லா தூங்கலாம்" என்றான் பிராண்டன்.

உஷாராணி தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பகல்லதானா? எத்தனை நாளைக்கு தம்பி?"

"அது வந்து ஆன்டி... மூணு வருஷம். கொஞ்சம் கூடக்கொறைய ஆகலாம்."

ஒரு மாதச் சுத்தியலுக்கு ஒரு கீறல். மூன்று வருஷத்துக்கு என்ன என்று அவள் நினைக்காமலிருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பகல் ஷிப்டு கேட்டுப் பார்க்கலாமே என்று அவளுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லாரும் பகலில் வேலை செய்கிறவர்கள். கேட்டாயிற்று. பகல் ஷிப்டுக்குக் காத்திருக்கிற வரிசை துறைமுகத்தில் கப்பல் வரிசையைவிட நீளம்.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். பெருமைப்பட ஒன்றும் இல்லை. தேர்தல் நடந்த அன்று டீ போடச் சமையலறைக்குள் போனாள். தட்டோடு திரும்பி வந்தபோது கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் பக்கிரிசாமி. தோட்டத்தில் பிறந்தவர், அப்பா மண்டோர், அதாவது கங்காணி. துரை லயத்து வீடுகளைப் பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே காட்டைச் செதுக்கி, கால்வாயைக் கூட்டி, மரத்துக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, நாய்களைக்கூடக் குளிப்பாட்டிக் கட்டிப்போட்ட குடும்பம். தோட்டம் போய் எத்தனையோ காலமாயிற்று. துரைமார்களும் போயாயிற்று. ஆனால் பெரிய ஆள் யாரோ வருகிறார் என்று காதில் விழுந்தால் பக்கிரிசாமியின் கை இன்னும் தானாகப் பாராங் என்கிற வெட்டுக்கத்தியைத் தேடும்.

சங்கம் கொடுத்த ஆட்சேப மனுவை விசாரிக்க அடுத்த செவ்வாய்க்கிழமை நகராண்மைக் கழகத்திலிருந்து அதிகாரி நேரில் வருகிறார் என்ற செய்தி அவர் காதில்தான் முதலில் விழுந்தது. கூடவே இன்னொன்றும். செய்தி கிடைத்த சாயங்காலமே டோரிஸ் ஆன்டி வீட்டு முன்னால் கூட்டம் போட்டார்.

"நம்ம திடலைப் பத்தி அந்தக் கம்பெனிக்காரன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? கைவிட்ட நிலமாம். பாம்பாம். கொசுவாம். குப்பையாம்!"

"பாம்பு இருக்கறது உண்மைதானேண்ணே" என்றார் வள்ளியம்மா. "போன மாசம் முருங்கைக்கடியில..."

"அது நம்ம பாம்புலா! அவன் எப்படிச் சொல்லலாம்?" பக்கிரிசாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அதிகாரி வரும்போது இந்த எடம் எப்படி இருக்கணும் தெரியுமா? வீட்டு ஹால் மாதிரி இருக்கணும். ஞாயித்துக்கெழமை கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேந்து துப்புரவு வேலை. வீட்டுக்கு ரெண்டு பேர். ஒரு குப்பை இருக்கக்கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். உஷாராணிக்கு மட்டும் மனசில் ஏதோ இடித்தது. பசுமையைக் காப்பாற்றத்தானே போராட்டம்? அதை எதற்குச் சுரண்ட வேண்டும்? வாயைத் திறந்தாள்.

"அண்ணே, அந்தப் புல்லு கொஞ்சம்..."

"புல்லை நான் பாத்துக்கறேம்மா. நீ டீக்கு ஏற்பாடு பண்ணு. அப்புறம், ராதா கூட்டாளி சின்னையாகிட்ட மண் வழிக்கிற மெஷின் இருக்குல்ல? ஒரு போன் போடு."

அவள் போட்டாள். இதைப் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அந்த போனைப் போட்டது அவள் விரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராதாகிருஷ்ணன் விடியற்காலையிலேயே ரவாங்கில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். அங்கேயே படுத்து எழுந்து நேராக வேலைக்குப் போவதாக ஏற்பாடு. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள் உஷாராணி, மெஷின் சத்தத்தில் அவர் தூக்கம் கெடாது.

கோத்தோங் ரோயோங் முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கினார்கள். உடைந்த நாற்காலி, ஒற்றைச் செருப்பு, யாரோ வீசிய கழிப்பறைப் பீங்கான் எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சுத்தம் என்பது ஒரு போதை. ஒரு இடம் சுத்தமானால் பக்கத்து இடம் அசிங்கமாகத் தெரிந்துவிடும். டோரிஸ் ஆன்டியின் வாழையில் காய்ந்த மட்டையை மட்டும் நறுக்கப் போன பக்கிரிசாமி, மரம் ஒருச்சாய்ந்து அசிங்கமாக இருக்கிறது என்று மரத்தையே சாய்த்தார். டோரிஸ் ஆன்டி சாய்ந்த வாழையைப் பார்த்தார், நிமிர்ந்து நின்ற முருங்கையைப் பார்த்தார்.

"என் வாழை போச்சுன்னா வள்ளியம்மா முருங்கை மட்டும் எதுக்கு ராணி மாதிரி நிக்குது?"

"ஆ, நியாயம்தான்" என்றார் பக்கிரிசாமி. முருங்கையும் போயிற்று. பிறகு பப்பாளி. மக்சிக்கின் செராயைத் தொடத் தயங்கினார்கள். மக்சிக் தானே வந்து பிடுங்கிக்கொண்டு போனார், வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்தார்.

அப்புறம் சின்னையாவின் மெஷின் இறங்கியது.

"எவ்வளவுண்ணே எடுக்கணும்?"

"நல்லா வழிச்சு எடுடா. தலைக்கு மொட்டை போட்ட மாதிரி இருக்கணும்."

சின்னையா சொன்ன சொல் தவறாதவன். மத்தியானத்துக்குள் ஒரு புல் நுனிகூட இல்லை. திடல் சிவப்பாக, வழவழவென்று, பத்துமலைக் கோயிலுக்கு மொட்டை அடித்துக்கொண்டு போகிற பக்தன் தலைபோல வெயிலில் பளபளத்தது. தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளைகளை வெட்டி, அடிமரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தார் பக்கிரிசாமி. அடிக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை உஷாராணி என்றும் பார்த்ததில்லை. சுற்றிலும் சின்னக் கொடிகள் கட்டினார்கள். எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வாட்சாப்பில் கட்டை விரல்கள் கொட்டின.

திங்கட்கிழமை காலை ராதாகிருஷ்ணன் லோரித் தலையை வழக்கமான இடத்தில் நிறுத்தினார். இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். வாசலுக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"உஷா. ஆரம்பிச்சிட்டானுங்களா?"

"யாரு?"

"கம்பெனிக்காரனுங்கதான். பின்னால ஒண்ணுமே இல்ல. மொட்டையா கெடக்கு."

உஷாராணி புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "அது... நாங்கதாங்க."

"நீங்களா?"

"கோத்தோங் ரோயோங்."

அவர் அவளைப் பார்த்தார். திடலைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த மரத்தைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கட்ட வேணாம்னு சொல்றதுக்கு எடத்தைச் சுத்தம் பண்ணிக் குடுத்திருக்கீங்க! உலகத்துல எவனும் செய்யமாட்டான் உஷா. நம்மாளுங்கதான் செய்வாங்க."

சிரித்துவிட்டுப் படுக்கப் போனார். அங்கே சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாகக் காற்று வரத்தான் செய்தது. ஆனால் அது பழைய காற்று இல்லை. செம்மண் பட்டுச் சூடேறி, அடுப்பை ஊதிவிட்ட மாதிரி வந்தது. கூடவே தூசி. அவர் இடப்பக்கம் புரண்டார், வலப்பக்கம் புரண்டார், தலையணையைத் திருப்பிப்போட்டார். அவள் சமையலறையில் நின்று ஒவ்வொரு புரளலையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பிராண்டன் வந்தான். கைபேசியைத் தூக்கி நாலு பக்கமும் படம் எடுத்தான்.

"ஆன்டி, எங்க கொன்ட்ராக்டர்கூட இவ்வளவு சுத்தமா செய்யமாட்டார். சீரியஸா சொல்றேன்." கிண்டல் இல்லை, அவன் உண்மையாகவே நெகிழ்ந்திருந்தான். "கட்டறதுக்கு ரெடியா இருக்கு. தேங்க்யூ ஆன்டி."

வாட்சாப் குழு அமைதியாகிவிட்டது. கட்டை விரல் போட்டவர்கள் ஒவ்வொருவராக அழித்தார்கள். பத்து மணிக்கெல்லாம் டோரிஸ் ஆன்டி வீட்டு முன்னால் மறுபடி கூட்டம். எல்லாரும் ரகசியமாகத்தான் பேசினார்கள், ராதாகிருஷ்ணன் படுத்திருந்ததால்.

"ஒரு வழி இருக்கு" என்றார் பக்கிரிசாமி. ஒரே நாளில் அவர் குரல் இளைத்திருந்தது. "கம்பெனிதான் வெட்டிச்சுன்னு சொல்லிடுவோம். அனுமதி வாங்காம வெட்டினான். அவ்வளவுதான், அவன் கதை முடிஞ்சுது."

"நான் பொய் சொல்லமாட்டேன்" என்று டோரிஸ் ஆன்டி சிலுவை போட்டுக்கொண்டார். "உண்மையும் சொல்லமாட்டேன். நான் பாட்டுக்கு நிப்பேன்."

"நீங்க நில்லுங்க, போதும். பேசவேண்டியது செயலாளர். எனக்குக் கோபம் வந்தா மலாய் தமிழாயிடும்."

எல்லாரும் உஷாராணியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு வாக்கியம். வருகிற அதிகாரியம்மாவிடம் மலாயில், "கம்பெனி வெட்டியது, புவான்." சொல்லிவிட்டால் புருஷனுக்கு மூன்று வருஷத் தூக்கம். சரியென்று தலையை ஆட்டினாள்.

மத்தியானம் வானம் கறுத்தது. அதில் அதிசயம் இல்லை, அந்த மாதம் தினமும் கறுக்கும். தினமும் பெய்யும், முந்தின நாள் ஒன்றுதான் தப்பியிருந்தது. எப்போதும் மழைத்தண்ணீர் எல்லாத் தெருவிலிருந்தும் தாழ்ந்த திடலுக்கு வரும், புல்லுக்குள் புகுந்து காணாமல் போகும், கொஞ்ச நேரம் தவளை கத்தும், அவ்வளவுதான். அன்றைக்கும் தண்ணீர் திடலுக்குத்தான் வந்தது. வந்து பார்த்தது. புல்லைக் காணோம். வழவழவென்று வழித்த மண்ணில் சறுக்கிக்கொண்டு, தே தாரேக் பால் டீயின் நிறத்தில், பின்பக்கத்துச் சந்து வழியாக, உஷாராணியின் சமையலறைக் கதவுக்குக் கீழே நுழைந்தது.

ராதாகிருஷ்ணனுக்கு அப்போதுதான் கண் அசந்திருந்தது.

"உஷா" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது, ரொம்ப நிதானமாக. "மெத்தை மெதக்குது."

அதற்கப்புறம் வாளி, துடைப்பம், செங்கல் மேல் ஏற்றிய பிரிட்ஜ் என்று பொழுது போனது. வரிசையில் எல்லா வீட்டிலும் அதே கதை. கணுக்கால் அளவு சேறு. மழை விட்டபோது மெத்தை செம்மண்ணில் ஊறிய தோசைபோல வேலி மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ராதாகிருஷ்ணன் கை கால் கழுவிக்கொண்டு சட்டை மாற்றினார். கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வேலைக்கு. கப்பல் நிக்குது."

"தூங்கவே இல்லியே நீங்க."

"பாத்துக்கலாம்." மேஜையில் தேடினார். சட்டைப் பையில் தேடினார். "உஷா, லோரிச் சாவி எங்க?"

சாவி அரிசி டின்னுக்குள் இருந்தது. கால்படி அரிசிக்கு அடியில். போட்டது அவள்தான். விரலில் ஒட்டிய அரிசியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலீங்க" என்றாள். "தண்ணில போயிருக்கும்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய். அவளுக்கே தெரிந்தது எவ்வளவு மோசமாகச் சொன்னாள் என்று. அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துச் சூப்பர்வைசருக்கு அடித்தார்.

"போஸ், வீட்டுல வெள்ளம். இன்னைக்கு வர முடியாது. ஆமா. சாவியும் காணோம்... தண்ணில போயிடுச்சு."

போனை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

ராத்திரி விழித்தே பழகிய உடம்பு. விடியும்வரை சேற்றைத் தள்ளினார். விடிந்ததும் படுக்க வீட்டில் காய்ந்த இடம் இல்லை. அவள் அரிசி டின்னிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். அவர் அதில் ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு, லோரித் தலையில் ஏறி, கதவைத் திறந்துபோட்டுக் காலை வெளியே நீட்டிப் படுத்துவிட்டார்.

அதிகாரி ஒன்பது மணிக்கு வந்தார். புவான் ரொஹானா. குட்டையான பெண்மணி, கறுப்புக் கண்ணாடி, காலில் ரப்பர் பூட்ஸ். காரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பிராண்டன் பளபளக்கிற சப்பாத்தோடு அவரை நோக்கி ஓடினான். மூன்றாவது எட்டில் ஒரு சப்பாத்து சேற்றோடு நின்றுவிட்டது, பிராண்டன் மட்டும் வந்தான்.

புவான் ரொஹானா திடலை ஒரு சுற்று பார்த்தார். சுண்ணாம்பு மரத்தின் முன் கொஞ்சம் நின்றார். கொடிகளைப் பார்த்தார். வரிசை வீடுகளின் பின்சுவரில் செம்மண் போட்டிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். வேலி மேல் தொங்கிய மெத்தையை விரலால் அழுத்தினார், சிவப்புத் தண்ணீர் சொட்டியது.

"இங்கே எப்போதும் வெள்ளம் வருமா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை, புவான். இதுதான் முதல் தடவை" என்றாள் உஷாராணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"புல்லை வெட்டியது யார்?"

பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார். டோரிஸ் ஆன்டி வானத்தைப் பார்த்தார். பிராண்டன் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று, என்ன சொல்லப்போகிறாள் என்று அவளையே பார்த்தான். சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். ஆனால் நேற்றே ஒன்று சொல்லியாயிற்று. அது இன்னும் தொண்டையில் அரிசியாக உறுத்திக்கொண்டிருந்தது. அதோடு, அந்தப் பையன் சேற்றில் ஒற்றைக் காலில் நிற்கிறான்.

"நாங்கள்தான், புவான்."

பக்கிரிசாமி, "ஐயோ" என்றார், தமிழில்.

"நீங்களா? எதற்கு?"

"நீங்கள் வருகிறீர்கள் என்று."

புவான் ரொஹானா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் வருகிறேன் என்று?"

"வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் கூட்டிப் பெருக்குவோம், புவான். அப்படித்தான் பழக்கம். கொஞ்சம் அதிகமாகப் பெருக்கிவிட்டோம்."

புவான் ரொஹானா பக்கிரிசாமியைப் பார்த்தார், அவர் கையில் இன்னும் போகாமல் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் இரண்டு தடவை குலுங்கியது.

பிராண்டனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அதான் புவான். அவங்களே கிளியர் பண்ணிட்டாங்க. எங்களுக்கு வேலை மிச்சம்."

"நல்லது. நேற்று இங்கே வந்த தண்ணீர் நீங்கள் கட்டியபிறகு எங்கே போகும்?"

"அதுக்கு ஏற்பாடு இருக்கு புவான்." பிராண்டன் நொண்டிக்கொண்டே பலகைக்குப் போய் ஒரு நீல வட்டத்தைத் தொட்டான். "இதோ, குளம்."

"தம்பி, அது நீச்சல் குளம்."

பிராண்டன் கிட்டப் போய்ப் பார்த்தான். ஆமாம், ஓரத்தில் சாய்வு நாற்காலிகள் இருந்தன.

"கம்பெனி வெட்டியிருந்தால் எனக்கு வேலை சுலபம்" என்றார் புவான் ரொஹானா, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "அபராதம் எழுதுவேன். கட்டுவார்கள், கட்டிவிட்டுக் கட்டடத்தையும் கட்டுவார்கள். இது அப்படி இல்லை. புல்லை மட்டும் எடுத்ததற்கே ஒரு மழையில் இவ்வளவு. சிமெண்டு போட்டால்?" வரிசையின் பின்சுவர்களைப் படமெடுத்தார், மெத்தையையும் சேர்த்து.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று, எங்கோ டீசல் என்ஜின் ஓடுவதுபோல.

"என்ன அது? மெஷினா?"

"இல்லை, புவான்." உஷாராணிக்கு முகம் சிவந்தது. திடலோரத்து லோரித் தலையைக் காட்டினாள். இரண்டு பாதங்கள் வெளியே தெரிந்தன. "என் கணவர். ராத்திரியில் கண்டெய்னர் ஓட்டுகிறவர். பகலில்தான் தூங்க முடியும். இங்கே பைலிங் அடித்தால் அவர் தூங்கமாட்டார். தூங்காமல் ஓட்டுவார்." ஒரே மூச்சில் வந்துவிட்டது. "பசுமை, மரம், அதெல்லாம் மற்றவர்கள் நன்றாகச் சொல்வார்கள், புவான். என் ஆட்சேபம் அது ஒன்றுதான்."

புவான் ரொஹானா அந்தப் பாதங்களைப் பார்த்தார். பிறகு கேட்க வேண்டியதையெல்லாம் அடிக்குரலில்தான் கேட்டார். பக்கிரிசாமி அடிக்குரலில் பதில் சொன்னார். பிராண்டன் தன் சப்பாத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கும்போது வந்த சத்தத்துக்கு எல்லாரும் அவனை நோக்கி "உஷ்!" என்றார்கள்.

முடிவு வர நாளாயிற்று. அந்தத் துண்டு தாழ்ந்த நிலம், மழைத்தண்ணீர் தங்க வேண்டிய இடம், அப்படியே விட வேண்டும் என்று வந்தது. முதலில் வீடு கட்டிய கம்பெனி ஏன் அதைக் கட்டாமல் விட்டது என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. கிரீன் பிரீஸ் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது இப்போது ரவாங் போகிற பாதையில் வேறொரு இடத்தில் நிற்பதாக ராதாகிருஷ்ணன் தங்கை சொன்னாள். அங்கே யார் தூங்குகிறார்களோ என்று உஷாராணிக்கு அவ்வப்போது தோன்றும்.

லாலாங்குக்கு வெட்கமும் கிடையாது, கோபமும் கிடையாது. ரெண்டு மழைக்கு முளைத்தது, நாலு மழைக்கு முழங்கால் அளவு நின்றது. வெட்டிய முருங்கை அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்விட்டது. வாழைக்கு டோரிஸ் ஆன்டி இன்னும் துக்கம் காத்துக்கொண்டிருந்தார், ஆனால் அதன் பக்கத்திலும் மூன்று கன்றுகள். பின்னறையில் புது மெத்தை, தரையில்தான். காற்று பழைய காற்றாக ஆகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை பக்கிரிசாமி திடலோரம் நின்றுகொண்டிருந்தார். இடுப்பை நெருங்கியிருந்த புல்லை அவர் பார்த்த பார்வையை வள்ளியம்மா முதலில் கவனித்தார். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பாராங்கைக் கவனித்தார்.

"அண்ணே. என்னா பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லமா. ஓரம் மட்டும். கொஞ்சமா டிரிம் பண்ணினா..."

"அண்ணே!" என்று மூன்று வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. சத்தம் என்று சொல்லக்கூடாது, மூச்சுதான். பின்னறையில் ராதாகிருஷ்ணன் படுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பக்கிரிசாமி பெருமூச்சு விட்டார். பாராங்கைத் தூங்குமூஞ்சி மரத்தில், பாதி உரிந்துபோன சுண்ணாம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார். உஷாராணி அவருக்கு டீ கொண்டு வந்து கொடுத்தாள். திரும்பும்போது பாராங்கை அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

"எங்கம்மா கொண்டு போற?" என்று அவர் கிசுகிசுத்தார்.

"அரிசி டின்னுல எடம் இருக்குண்ணே" என்றாள் அவள்.